நாற்பது சென்ட் வயலும் நெருங்கிப்போன ஊரும்

கேள்வி:

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் வீடு மேட்டில், 22 சென்ட் விளையில் (மேட்டுத் தோட்ட நிலத்தில்) இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள ஏலாவில் (பள்ளத்து வயல்வெளியில்) அப்பா விட்டுச்சென்ற 40 சென்ட் நஞ்சை இருக்கிறது. என் தம்பிகள் இருவரும் அதை மண்ணடித்து நிரப்பி, ஐந்து ஐந்து சென்ட் மனைகளாகப் பிரித்து விற்றுவிடலாம் என்கிறார்கள். ஏலாவில் பாதிக்கு மேல் ஏற்கனவே அப்படி ஆகிவிட்டது. இரண்டு வருடமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மழைக்காலத்தில் ஒரு வாடை வருகிறது. பங்குனி, சித்திரையில் கிணற்றின் அடி தெரிகிறது. "ஜனம் பெருத்துவிட்டது, வடமாநிலத்துப் பிள்ளைகளும் வந்து நிறைந்துவிட்டார்கள், தண்ணீர் எங்கிருந்து மிஞ்சும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனோ, பூமி இதற்கு மேல் ஆட்களைத் தாங்காது, அதனால் குழந்தை வேண்டாம் என்று அவனும் மருமகளும் முடிவு செய்திருப்பதாகச் சொல்கிறான். நம் மாவட்டம் உண்மையிலேயே நிறைந்துவிட்டதா? மகன் சொல்வது சரியா? வயலை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குடிநீர், கழிவுநீர்ப் பணிகளில் பல ஆண்டுகள் இந்த மாவட்டத்தின் கிணறுகளையும் குளங்களையும் பார்த்தவன் என்ற முறையில், அவை மூன்றும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை, அந்த நிலத்தில் அவர்கள் எந்த இடத்தில், எப்படி வாழ்கிறார்கள் என்பதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் 40 சென்ட் வயல் அந்தக் கணக்கில் மிக முக்கியமான இடத்தில் இருக்கிறது. அதனால் வயலைக் கடைசிக் கேள்வியாக வைக்காமல், அதைச் சுற்றியே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தார்கள். பரப்பளவு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 555, இந்தியாவின் சராசரி 382. சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் அன்றைக்கு நம்மைவிட நெருக்கமான மாவட்டம் வேறு இருக்கவில்லை. அதிலும் மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு மலையும் காடும். அங்கே வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மனிதர்கள் குடியிருக்கும் நிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,500-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறோம். ஆகவே, ஊர் நெருங்கிப்போய்விட்டது என்று உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதில் தவறில்லை.

ஆனால் "ஜனம் பெருத்துவிட்டது" என்பதைக் காரணமாகச் சொல்லும்போது நான் உடன்பட மாட்டேன். 2001-இல் 16,76,034 ஆக இருந்த நம் மக்கள்தொகை அடுத்த பத்து ஆண்டுகளில் 11.6 விழுக்காடு மட்டுமே வளர்ந்தது. மாநிலம் முழுவதற்குமான வளர்ச்சி 15.6 விழுக்காடு. மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. உங்கள் வகுப்பறைகளில் இருந்து போன மாணவிகளும் இதில் அடக்கம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும். பிறப்பைப் பொறுத்தவரை பிரேக் போடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஓடிவந்த வேகத்தில் வண்டி இன்னும் சற்றுத் தூரம் உருண்டுகொண்டிருக்கிறது, அவ்வளவே.

பெருகிக்கொண்டிருப்பது வேறொன்று. 2001 முதல் 2011 வரை தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியபோது, குடும்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. கூட்டுக்குடும்பம் பிரிந்தது, ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்த இடத்தில் நான்கு பேர், பிறகு மூன்று பேர் என்று ஆனது. ஆள் குறைந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு ஆழ்குழாய், ஒரு செப்டிக் டேங்க், ஒரு சுற்றுச்சுவர், சிமென்ட் கல் பாவிய ஒரு முற்றம், ஒரு பாதை வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் கட்டிய பெரிய வீடுகளில் வயதான இருவர் மட்டும் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாழ்நாள் உழைப்பின் பயன் அந்த வீடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் மண்ணும் கல்லும் மணலும் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்க்கும்போது, தலைகளை எண்ணுவதைவிடக் கூரைகளை எண்ணுவதே உண்மைக்கு அருகில் கொண்டுபோகும்.

இனித் தண்ணீர். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அப்படியானால் மாவட்டம் முழுவதும் ஓராண்டில் விழும் நீர் சுமார் 235 கோடி கனமீட்டர். நகரங்களுக்கான திட்டமிடலில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். 18.7 லட்சம் பேருக்கும் அந்த அளவில் கொடுத்தாலும் ஓராண்டுத் தேவை ஏறத்தாழ 9 கோடி கனமீட்டர்தான். விழும் மழையில் நான்கு விழுக்காடு. மழையில் பெரும்பகுதி ஆவியாகும், மரங்கள் குடிக்கும், ஓடிக் கடலில் சேரும், விவசாயத்துக்குப் பன்மடங்கு வேண்டும் என்பதெல்லாம் சரி. இருந்தாலும், மனிதர்கள் குடிப்பதாலும் குளிப்பதாலும் கிணறு வற்றுகிறது என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. நமக்கு விழும் நீர் போதும். அது தங்குவதற்கு நாம் விட்டுவைக்கும் இடம்தான் போதவில்லை.

அந்த இடம் எது என்பது உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தாலே தெரியும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் போனால் வீடுகள் தெருத்தெருவாக ஓரிடத்தில் கூடியிருக்கும், அதைச் சுற்றி வயல் விரிந்திருக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் நிலத்தின் அமைப்பே வேறு. மேடும் பள்ளமுமாக அலையலையாகக் கிடக்கும் பூமி. மேட்டில் விளை, விளையில் வீடு, தென்னை, பலா, மரச்சீனி, இப்போது ரப்பர். இரண்டு மேடுகளுக்கு நடுவில் நீண்டு வளைந்து போகும் பள்ளம் ஏலா. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த அந்தப் பள்ளம்தான் மேட்டில் இருக்கும் கிணறுகளுக்குக் காவல். விளையில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கசிந்து ஏலாவை நோக்கி வரும். ஏலாவில் தண்ணீர் கட்டி நிற்கும்வரை மேட்டின் நீருக்கு இறங்குவதில் அவசரம் இருக்காது. கிணற்றில் மட்டம் நிற்கும். ஏலாவை நிரப்பி, மிச்சத்துக்கு ஒரு காங்கிரீட் ஓடை போட்டுத் தண்ணீரை விரட்டிவிட்டால், மேட்டின் நீரும் அதன் பின்னாலேயே போய்விடும். சித்திரையில் உங்கள் கிணற்றின் அடி தெரிவதற்குக் கீழே நிரப்பப்பட்ட அந்தப் பாதி ஏலா ஒரு முக்கியக் காரணமாக இருக்கும் என்பதே என் கணிப்பு. சுற்றிலும் இறக்கிய ஆழ்குழாய்களின் எண்ணிக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் 40 சென்ட் மட்டும் எவ்வளவு செய்கிறது என்று பாருங்கள். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 40 சென்ட் 1,600 சதுர மீட்டருக்குச் சற்று மேல். வரப்புக்குள் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒரே தடவையில் ஏறத்தாழ 2.4 லட்சம் லிட்டர் நிற்கும். பெருமழை நாளில் அந்த நீர் அங்கே நிற்காமல் போனால் கீழே இருக்கும் யாரோ ஒருவரின் வீட்டுக்குள்தான் நிற்கும். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது எத்தனை தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் நிரம்பி உபரிநீர் திறந்தார்கள், உண்மைதான். ஆனால் அணை திறக்காத சிற்றோடைகளின் கரையிலும் தண்ணீர் ஏறியது. வழியில் தங்க அதற்கு வயல் இருக்கவில்லை.

நிரப்புவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை உங்கள் தம்பிகளிடம் சொல்லுங்கள். 40 சென்ட்டை ஒரு மீட்டர் உயர்த்த 1,600 கனமீட்டருக்கு மேல் மண் வேண்டும். லாரிக்காரர்கள் சொல்லும் கணக்கில் அது சுமார் 570 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 190 லோடு. மண் இறுகியபின் இன்னும் சில லோடு. அந்த மண் எங்கிருந்தோ வானத்தில் இருந்து வராது. இன்னொரு மேட்டை, பெரும்பாலும் மரம் நின்ற ஒரு குன்றின் செம்மண்ணை வெட்டித்தான் வரும். அந்தக் குன்றும் மழையை உறிஞ்சி வைத்திருந்த ஒன்று. ஒரு வயலை மனையாக்கும்போது நாம் நீர் தங்கும் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் இழக்கிறோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவதை வளர்ச்சி என்று ஊரே ஏற்றுக்கொண்டுவிட்டதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

அடுத்து, மழைக்காலத்து வாடை. இது வேறு காரணம். நெருக்கம் நேரடியாகத் தாக்கும் இடம் இதுதான். ஐந்து சென்ட் மனை என்பது தோராயமாக 14 மீட்டருக்கு 14 மீட்டர். கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையில் குறைந்தது 15 மீட்டராவது வேண்டும் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வோம். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால் உங்கள் குழியிலிருந்து உங்கள் கிணறு தப்பித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் தன் குழியை வேலி ஓரமாகத்தானே வைத்திருப்பார்? நான்கு பக்கமும் ஐந்து சென்ட் வீடுகள் வந்துவிட்டால், எந்தக் கிணறும் யாரோ ஒருவரின் குழிக்கு அருகில்தான் இருக்கும். இது யாருடைய பண்பையும் பொறுத்தது அல்ல. அளவுகோல் சொல்லும் எல்லை. இதற்கு மேல், அடி பூசாத குழியை வெட்டி, சுற்றிக் கல் கட்டி, மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டு அதை செப்டிக் டேங்க் என்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது குழிக்கும் நீருக்கும் இடையே மண் வடிகட்டியாக நிற்கிறது. ஆடியிலும் ஐப்பசியிலும் மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த வடிகட்டி இல்லாமல் போகிறது. உங்கள் கிணற்றில் மழைக்காலத்தில் மட்டும் வாடை வருவதற்கு இதுவே பொருந்தும் விளக்கம். குழி உங்களுடையதாகவே இருக்கலாம். மேல்சரிவில் இருக்கும் வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம்.

சென்னை போன்ற நகரத்தில் இவ்வளவு நெருக்கத்துக்கும் பாதாளச் சாக்கடை ஒரு பதிலாக இருக்கிறது. நம்மைப் போல் விளைக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கும் ஊரில், வீட்டுக்கு வீடு குழாய் இழுப்பது செலவு மிகுந்த காரியம். கிராமத்தின் பரவலும் நகரத்தின் எண்ணிக்கையும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் நம் மாவட்டத்தின் தனிச்சிக்கல். அதனால், நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: நாம் சில இடங்களில் இப்போது இருப்பதைவிட நெருக்கமாக வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். மேட்டு நிலத்தில் மாடி எழுப்பி, நான்கைந்து வீட்டுக்கு ஒரு பொதுவான, முறையாகக் கட்டிய கழிவுநீர்த் தொட்டியோடு நெருங்கி இருந்தால், ஏலாவும் குளமும் ஓடைக்கரையும் தப்பும். எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்பது இங்கே பெரிய கேள்வி.

எல்லை என்ற ஒன்றே கிடையாது, அறிவியல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1798-இல் மால்தஸ் என்ற ஆங்கிலேயர், மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது, பஞ்சமும் நோயும் வந்து எண்ணிக்கையைக் குறைக்கும் என்று எழுதினார். அன்றைக்கு உலகத்தில் நூறு கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் எண்ணூறு கோடியைத் தொட்டோம். அவர் கணக்கு பிழைத்ததற்குப் பல காரணங்களில் ஒன்று, காற்றில் இருக்கும் நைட்ரஜனை உரமாக்கும் முறையை ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டுபிடித்து, கார்ல் பாஷ் 1913-இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது. இன்று உலகில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அந்த உரத்தில் விளைகிறது. ஆனால் அந்த எல்லை மறைந்துவிடவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. பயிர் எடுத்துக்கொள்ளாத உரம் சானல் (பாசனக் கால்வாய்) வழியாகக் குளத்துக்கு வந்து ஆகாயத்தாமரைக்குத் தீனி ஆகிறது. கிணற்றில் நைட்ரேட்டாக இறங்குகிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. திருவிதாங்கூர் அரசு 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தபோது, நாஞ்சில் நாட்டின் எல்லை ஒரு பெரிய அடி எடுத்து நகர்ந்தது. வறண்டுபோகும் பயத்தோடு வானத்தைப் பார்த்திருந்த கடைமடைக்குச் சானலில் தண்ணீர் வந்தது. அதற்கு விலையாகக் காடு நீருக்குள் போனது. 1966-இல், பள்ளத்துக்கு மேலே சானல் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் வந்தபின் விளவங்கோட்டு மேட்டு நிலங்களுக்கும் நீர் எட்டியது. இந்த வேலைகளைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இன்றைக்கு அந்தச் சானல்கள் போய்ச் சேரும் வயல்களை நாம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

சோற்றுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோ. மாவட்டத்துக்கு இரண்டு லட்சம் டன். ஒரு ஹெக்டேரில் இரண்டு பூவும் சேர்த்து ஆறு டன் அரிசி கிடைப்பதாக வைத்தால், நம் சோற்றை நாமே விளைவிக்க 34,000 ஹெக்டேர் வயல் வேண்டும். அது மாவட்டத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இன்று அவ்வளவு வயல் நம்மிடம் இல்லை என்பது பஸ்ஸில் போனாலே தெரிகிறது. வாழையும் தென்னையும் ரப்பரும் மனைகளும் இருக்கின்றன. அரிசி வெளியிலிருந்து வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாம் ரப்பரும் மீனும் கொடுக்கிறோம், ஊரும் ஊரும் கொடுத்து வாங்கித்தான் வாழ்கின்றன. ஆனாலும் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் இங்கே வாழ முடிவது, வேறெங்கோ ஒருவருடைய வயலும் ஒருவருடைய ஆறும் நமக்காக உழைப்பதால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கும் வயலை நிரப்பினால்?

இந்த இடத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அறையில் ஏழெட்டுப் பேராக, ஒரு குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்து வாழும் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு 135 லிட்டர் செலவழிப்பதில்லை. நாம் கட்டும் வீட்டுக்கு அவர்கள்தான் கல் சுமக்கிறார்கள். அவர்களால் கிணறு வற்றியது என்று சொல்வது அநியாயம். அதே போல, இன்ன சாதிக்காரர், இன்ன மதத்துக்காரர், கடற்கரைக்காரர் நிறையப் பெற்றுவிட்டார் என்ற பேச்சும் நம் ஊரில் அவ்வப்போது எழும். எல்லாச் சமூகத்திலும் பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. வேறுபாடு இருக்கும் இடத்தில் படிப்பும் வருமானமும் அதை விளக்கிவிடுகின்றன. கிணற்றுக்குக் காரணம் தேடும்போது ஆளைச் சுட்டினால், குழியைச் சரிசெய்யும் வேலை தள்ளிப்போகும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகனின் முடிவைப் பற்றி. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது அந்த இருவரின் உரிமை. அதில் உங்களுக்கும் எனக்கும் தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை. பூமியை நினைத்து ஒரு பிள்ளை கவலைப்படுகிறான் என்பதே மதிக்க வேண்டிய விஷயம். அவர் சொல்லும் காரணம் எவ்வளவு வலுவானது என்று மட்டும் என் துறை சார்ந்து சொல்கிறேன். மனிதர்கள் பூமியின் மேல் ஏற்றும் சுமை, தலைகளின் எண்ணிக்கை, ஒவ்வொருவரும் நுகரும் அளவு, அந்தப் பொருளை உண்டாக்கும் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பெருக்கி வருவது. இந்தியாவில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். உலகச் சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் 14 டன் அளவில். ஆக, எங்கே பிறக்கிறோம், எப்படி வாழ்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு தலையின் எடை ஏழு மடங்குவரை மாறுகிறது. நம் நாட்டுக்குள்ளும் அப்படித்தான். உங்கள் மகன் பெங்களூரில் குடிக்கும் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டருக்கு மேல் உயர்த்திக் கொண்டுவரப்படுகிறது. ஒரு வாளித் தண்ணீருக்குப் பின்னால் அவ்வளவு மின்சாரம் இருக்கிறது. பிறப்பு விகிதம் 2.1-க்குக் கீழே போய்விட்ட ஒரு மாநிலத்தில், ஒரு குழந்தை பிறக்காமல் போவதால் பூமி பெறும் ஆறுதல் சிறிது. இருப்பவர்கள் வீட்டையும் வண்டியையும் தண்ணீரையும் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதில் பெறுவது பெரிது. இந்தக் கணக்கை அவர் முன் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். வற்புறுத்தாதீர்கள்; அவர்கள் இருவருக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம், அதை உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம்.

இனி வயல். நிரப்ப வேண்டாம் என்பது என் தெளிவான ஆலோசனை. உங்கள் தம்பிகளின் பணத்தேவை உண்மையானது; அதற்கு வழி சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. உங்களிடம் மேட்டில் 22 சென்ட் விளை இருக்கிறது. குடும்பத்துக்குள் பேசி, அந்த விளையில் ஒரு பகுதியைத் தம்பிகளுக்கு வீட்டுக்கோ விற்பனைக்கோ கொடுத்து, வயலை உங்கள் பங்காக எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மேட்டு மனை தாழ்ந்த மனையைவிட நல்ல விலைக்குப் போகும். 190 லோடு மண்ணுக்குச் செலவும் இல்லை. நஞ்சை என்று வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் நிலத்தை மனையாக்க உரிய அனுமதி வேண்டும்; மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் பத்திரப் பதிவும் சிக்கலாகும். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வதை நம்பாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டை நீங்களே பாருங்கள். வாங்க வருகிறவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடன் வாங்கி ஐந்து சென்ட் வாங்கும் இளம் குடும்பம், சுற்றியிருக்கும் எல்லா மேடுகளின் குழிநீரும் இறங்கிவரும் பள்ளத்தில்தான் கிணறு தோண்டப் போகிறது. உங்கள் கிணற்றுக்கு வந்ததைவிட மோசமானது அவர்கள் கிணற்றுக்கு வரும்.

நெல் போட ஆள் கிடைக்காது, கட்டுப்படியாகாது என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன், அது உண்மை. ஏலாவில் இன்னும் பயிர் செய்கிறவர் யாராவது இருந்தால் குத்தகைக்குக் கொடுங்கள், தொகை குறைவானாலும் பரவாயில்லை. அதுவும் இல்லையென்றால் வாழை வையுங்கள். வாழைக்கு மண் கூட்டி வாய்க்கால் எடுத்தாலும் நிலத்தின் மட்டம் பெரிதாக மாறாது, நீர் நிற்கும் இடம் மிஞ்சும். என்றைக்காவது மறுபடியும் நெல்லுக்குத் திரும்பலாம். வயல்களில் நெல்லைவிட எனக்கு முக்கியம் வரப்பும் மடையும் உயிரோடு இருப்பது. தரிசாகக் கிடந்தாலும் வரப்பை உடைக்காமல் வைத்திருங்கள்.

கிணற்றுக்கு உடனே செய்ய வேண்டியது இது. அடுத்த மழை பிடித்து இரண்டு வாரம் கழித்து, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மலக்கிருமி இருக்கிறதா என்பதையும், நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். நைட்ரேட்டைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. அதிகமாக இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலந்து கொடுக்கக் கூடாது. அறிக்கை வரும்வரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். உங்கள் குழியின் அடி பூசியிருக்கிறதா என்று ஒரு கொத்தனாரைக் கூட்டி வெளியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்; யாரையும் உள்ளே இறக்காதீர்கள், அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும். மேல்சரிவு வீட்டுக்காரரிடம் பேசும்போது உங்கள் குழியைச் சரிசெய்துவிட்டுப் பேசினால் அவருக்கும் கேட்க மனம் வரும்.

கூரை நீரையும் விடாதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1.4 லட்சம் லிட்டர். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஆண்டுத் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை மணலும் சரளையும் போட்ட வடிகட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். 2003 வாக்கில் அரசு கட்டாயமாக்கியபோது எல்லா வீட்டிலும் ஒரு குழாய் மாட்டினோம். இப்போது பல வீடுகளில் அது முற்றத்துச் சிமென்ட் கல்லில் கொட்டி ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வயலின் ஓரமாக ஓடும் ஓடை எத்தனை அடி அகலம், கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெல்லாம் குறுகியிருக்கிறது, அது கடைசியில் எந்தக் குளத்தில் அல்லது எந்த ஆற்றில் சேர்கிறது என்பதைத் தம்பிகளையும் அழைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்த்து, அளந்து எனக்கு எழுதுங்கள். ஏலாவின் மீதிப் பாதியைக் காப்பாற்ற ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ மனு எழுதுவதாக இருந்தால் அந்த அளவுகள் வேண்டியிருக்கும். மனுவை எழுத நான் உதவுகிறேன்.